நான்காம் நாள் கேட்கும் சொல்

எங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவில், சறுக்குமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே இருக்கிற வானொலி மண்டபத்தில் எதைப் பேசினாலும் அது நான்கு நாள் கழித்துத்தான் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சொன்னது வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கேட்கும், ஒரு நிமிஷம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. போன சித்திரையில் ஒரு புதன்கிழமை இது தொடங்கியது. ஏன் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று முதல் வாரம் இருந்த ஆசையும் இரண்டாவது வாரத்தில் போய்விட்டது, ஏனென்றால் எங்களுக்குப் பேசுவதற்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

எட்டுத் தூண்களும் ஓட்டுக் கூரையும் கொண்ட அந்த மண்டபத்தில் ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டி இருந்தது. பெட்டி போய், பூட்டு மாட்டிய கம்பிக்கூண்டு மட்டும் மிச்சமானது. ஒன்பது வருஷமாக அதைச் சுற்றி எங்கள் பூங்கா மன்றம் கூடுகிறது. காலையில் நடந்து முடித்தபின் ஆறரையிலிருந்து ஏழரை வரை பதினான்கு பேர். திங்களும் செவ்வாயும் அரசியல், புதனும் வியாழனும் தொழில்நுட்பம், வெள்ளியும் சனியும் சமூகம், ஞாயிறு அன்று எல்லாம் கலந்துகட்டி. நான் மரகதமணி, மன்றத்தின் செயலாளர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் ஊராருடைய குரல்களை இங்கேயும் அங்கேயும் கோத்துவிட்ட கை இது, அதனால் எல்லாருக்கும் நான் எக்ஸ்சேஞ்சம்மாதான்.

மன்றத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு. மன்றத்தில் பேசியதை மன்றத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. முன்பொரு முறை புதுப் பாலத்துக்கு யார் பெயர் வைப்பது என்ற வாதம் முற்றி, அந்த வாரமே ஒரு கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார நேர்ந்த எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ரசத்துக்குக்கூடக் காத்திராமல் எழுந்து போய்விட்டார்கள். அதன் பிறகு வந்த விதி இது. இதைக் கொண்டுவந்தவரும், தன் கையால் நீலப் பெயிண்டில் மூன்றாவது தூணில் எழுதியவரும் லேத் பட்டறை அர்த்தனாரி.

அந்தப் புதன்கிழமை வாயைத் திறந்த பதினான்கு பேரும் தனக்குத்தான் காது போய்விட்டது என்று நினைத்தோம். தூண்களை விட்டு வெளியே வந்தால் காக்காய் கத்துவது கேட்கிறது, பஸ் போவது கேட்கிறது. உள்ளே நின்றாலும் அவையெல்லாம் கேட்கின்றன. உள்ளே எழுந்த சத்தம் மட்டும் இல்லை. இருமினால் இல்லை, கைதட்டினால் இல்லை. அர்த்தனாரி அன்றைக்கே காது டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து பயத்தில் யாரும் வரவில்லை, பரஞ்சோதி வாத்தியாரைத் தவிர. நகராட்சி மேல்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக உட்கார்ந்திருந்தபோது எங்கள் பதினான்கு பேரின் குரலும் ஒவ்வொன்றாக வந்திருக்கிறது, காது கேட்கலையே காது கேட்கலையே என்று. வாத்தியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீடு வீடாக வந்து, ஒண்ணும் பயமில்லீங்க, லேட்டா வருது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு பழகிவிட்டது. பழகினது என்று சொல்வதுகூடக் குறைவு, மன்றம் மன்றமானதே அப்புறம்தான். முன்பெல்லாம் ஒருவர் பேசும்போது நாலு பேர் குறுக்கே பேசுவோம். அப்படிப் பேசினால் நான்காம் நாள் அது சந்தைக்கடையாகக் கேட்டது, அவரவர் பேச்சு அவரவருக்கே புரியவில்லை. அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருந்தோம். உதடு அசைந்து நின்றதும் அடுத்தவர் கை தூக்குவார், நான் தலையை ஆட்டுவேன், அவர் பேசுவார். பேசுகிறவர் எழுப்பும் சத்தம் இல்லை என்பதால், அவர் பேசப் பேசவே மற்றவர்கள் நாலு நாளைக்கு முந்தைய பேச்சை நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருப்போம். கேட்டது எதற்கான பதில் என்று தெரிய வேண்டுமே, அதனால் எல்லாரும் போன சனிக்கிழமை இன்னார் இன்னது சொன்னார், அதற்கு என் பதில் என்று ஆரம்பிக்கக் கற்றுக்கொண்டார்கள். அடுத்தவர் சொன்னதை முதலில் சரியாகத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்ததில், பாதிப் பேருக்குப் பதில் சொல்லவே ஒன்றும் இல்லாமல் போனது.

ஜலதோஷம் பிடித்தவர் தும்மியது அவர் குணமான பிறகு கேட்டது, யாரும் இல்லாத இடத்திலிருந்து தும்மல் வந்ததும் அவர் எழுந்து, அது என்னுதுங்க என்பார். கூரையில் பெய்த மழை, வெயில் கொளுத்தும் நாளில் சடசடவென்று பெய்தது, பூங்காத் தோட்டக்காரர் அந்தச் சத்தத்துக்கு அடியில் போய் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். நாலு நாளைக்கு முன்னால் அடித்த செல்போனுக்கு எல்லாரும் பையைத் தடவுவோம். வார்டு தேர்தலுக்கு நின்ற ஒருவர் ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் முன்னால் வந்து, கைகூப்பி, நரம்பு புடைக்க அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார், அது ஓட்டுப்பதிவுக்கு மறுநாள் கேட்டது. ஓட்டுப்பதிவு முடிந்து ஓய்வாக இருந்தவர் தானும் வந்து எங்களோடு உட்கார்ந்து முழுசாகக் கேட்டார், கேட்டுவிட்டு, வெளியே வந்து, நானே எனக்குப் போட்டிருக்க மாட்டனுங்க என்றார். அதற்குப் பிறகு அவர் மன்றத்தின் பதினைந்தாவது உறுப்பினராகச் சேர ஆசைப்பட்டார், பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

யார் ஜெயிப்பார் என்ற ஜோசியம் மன்றத்தில் தானாகச் செத்தது, ஏனென்றால் அது கேட்கும்போது முடிவு வந்திருந்தது. நாலு நாள் தாண்டியும் ஊசிப்போகாத விஷயத்தைத்தான் பேச முடியும் என்றானதும், நாங்கள் சாக்கடையைப் பற்றியும், பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைப் பற்றியும், செல்போன் பார்த்தே சோறு தின்னும் பிள்ளைகளைப் பற்றியும் பேசினோம். கோவையிலிருந்து ஒரு பேராசிரியர் கருவிகளோடு வந்து, மண்டபத்தில் நின்று எங்களைப் பார்த்து ஏதோ கேட்டார். நான்காம் நாள் வந்தது அவர் கேள்வி, உங்களுக்கெல்லாம் இது தொந்தரவாக இல்லையா என்று. தொந்தரவெல்லாம் இல்லீங்க என்று நாங்கள் பதில் சொன்னோம். அதைக் கேட்க அவர்தான் வரவில்லை.

கொளத்துமேட்டு மருமகள் ஒருத்தி மத்தியானத்தில் வந்து மாமியாரை மனசாரத் திட்டிவிட்டு, முகம் தெளிந்து வீட்டுக்குப் போவாள். நான்காம் நாள் மத்தியானம் அதைத் தோட்டக்காரர் மட்டும் கேட்பார். அவர் யாரிடமும் சொன்னதில்லை, விதி அவருக்கும் தெரியும்.

நாலு நாளில் கோபம் ஆறிவிடும் என்பதுதான் எங்கள் எல்லாருடைய நம்பிக்கையும். திட்டியவர் தன் திட்டைத் தானே கேட்டுக் கூசுவார், திட்டு வாங்கியவர் அவர் கூசுவதைப் பார்த்துச் சிரிப்பார், அதோடு சரி. இப்படியே நான்கு மாதம் போனது. அந்த நம்பிக்கையில் அர்த்தனாரியும் கொஞ்சம் நாக்கை அவிழ்த்துவிட்டுவிட்டார்.

அர்த்தனாரியும் வாத்தியாரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். மன்றத்துக்குள் வாங்க போங்க, வெளியே வாடா போடா. அர்த்தனாரி பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் கடைகிறவர். இந்த ஆடியில் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் லேத் ஒன்று வாங்கிப் போட்டார், போட்டதும் பதினொரு பேரில் எட்டுப் பேரை நிறுத்திவிட்டார். புதன்கிழமை தொழில்நுட்பத்தில் வாத்தியார் அதைத்தான் எடுத்தார். ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு அவர் குரல் மண்டபத்தில் நிதானமாகக் கேட்டது.

"மிஷின் வரட்டுங்க, வேண்டாங்கலை. ஆனா எட்டுப் பேரைத் தெருவுல விட்டுப்போட்டு, அதுக்கு முன்னேற்றம்னு பேரு வெச்சா எனக்குத் தொண்டையில எறங்கலீங்க."

அர்த்தனாரிக்கு முகம் கறுத்தது. கைகூடத் தூக்காமல் எழுந்தார், வாய் படபடவென்று அசைந்தது, உட்கார்ந்தார். மணி ஆறு ஐம்பது. வாத்தியார் அப்போது குனிந்து வேட்டி முனையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டு நிமிர்ந்து, எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்தார்.

மறுநாள் மத்தியானம் அர்த்தனாரி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"எக்ஸ்சேஞ்சம்மா, நம்ம வெதிய நானே மீறப் போறனுங்க. நேத்து வாத்தியாரை ஒண்ணு சொல்லிப்போட்டேன்."

"என்ன சொன்னீங்கண்ணா?"

"எட்டுப் பேரு கணக்கு சொல்றயே, ஒத்தைப் பையனை வீட்டுல வெச்சுக்கத் துப்பில்லாதவன் நீ. சாதி ஒழியோணும்னு ஒம்பது வருசமா இந்தத் தூணுக்கடியில பேசற, உம்பட பையன் கட்டிட்டு வந்த புள்ளைய வாசப்படி ஏற விட்டயா. அப்படீன்னு."

வாத்தியாரின் மகன் இளம்பரிதி ஆறு வருஷம் முன்னால் ஓசூரில் ரோஸ்லின் என்ற நர்ஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். மேளம் இல்லை, பந்தி இல்லை, அப்பாவும் இல்லை. வாத்தியார் தடுக்கவில்லை, போகவும் இல்லை. இரண்டு பேரும் மாலையும் கழுத்துமாக வீட்டு வாசலில் வந்து நின்றபோது, தெருவில் நாலு வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இப்ப வேண்டாம், அப்புறம் வாங்க என்று சொல்லிவிட்டார். அந்த அப்புறம் ஆறு வருஷமாக வரவில்லை. பேத்தி ஒருத்தி பிறந்திருப்பதாகக் கேள்வி. மனைவியும் போய்ச் சேர்ந்த வீட்டில் அவர் ஒற்றை ஆள், ஒரு நாளைக்கு அவர் வாய் திறந்து பேசுகிற நேரமே மன்றத்தில் இருக்கிற அந்த ஒரு மணிதான். எல்லாருக்கும் தெரியும், அதனாலேயே பாலத்திலிருந்து பாராளுமன்றம் வரை எதையும் விட்டுவைக்காத எங்கள் மன்றம் இந்த ஒன்றை மட்டும் தொட்டதில்லை.

"அதுவும் இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமுங்களா?" என்றார் அர்த்தனாரி. "காலைல இருந்து அவன் எம்பட பட்டறையில உக்காந்திருக்கறான். மிஷினோட வந்த இங்கிலீஷ் புஸ்தகத்தை வெச்சுட்டு, மிஷின் ஓட்டற நாச்சிமுத்துக்குப் புரியோணும்னு நீள நோட்டுல தமிழ்ல எழுதிட்டிருக்கறான். எதுக்கு வாத்தியாரேன்னா, மிஷின் வந்துருச்சு, இருக்கற மூணு பேராவது கை போகாம ஓட்டோணுமில்லங்கறான். எனக்குச் சோறு எறங்கலீங்க."

"இப்பவே போய் மன்னிப்புக் கேட்டுருங்க."

"எதுக்குன்னு கேப்பானில்லீங்க? அவன் இன்னும் கேக்கவே இல்லையே. மன்னிப்புக் கேக்கோணும்னா அதை அவன் மூஞ்சிக்கு நேரா நானே இன்னொருக்கா சொல்லோணும். எனக்கு முடியாதுங்க."

அதுவும் சரிதான். செவ்வாய் காலை அவர் சீக்கிரமாக வந்து, ஆறரைக்கு மண்டபத்தில் நின்று, மூன்றாவது தூணைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தார். மன்னிப்பு சனிக்கிழமை வரும். சொல் வியாழக்கிழமையே வந்துவிடும். நடுவில் இருக்கிற இரண்டு நாளில் வாத்தியார் மண்டபத்தின் பக்கமே திரும்பாமல் போய்விடுவார் என்று அர்த்தனாரிக்குப் பயம், எனக்கும்தான். வியாழக்கிழமை அவரை வரவிடாமல் செய்வதும் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை கடைசியில் அவரும் கொஞ்சம் பேசியிருந்தார், தன் பேச்சைத் தானே கேட்க வராத ஒரு ஆளை எங்கள் மன்றத்தில் காட்டுங்கள் பார்க்கலாம்.

யோசனை என்னுடையதுதான், அந்தப் பெருமையும் வெட்கமும் எனக்கே. தாலி கட்டும் நேரத்தில் எதற்குக் கெட்டிமேளம் அடிக்கிறார்கள்? யாராவது தும்மினால், அழுதால், வாய்தவறி ஆகாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டால் அது மாப்பிள்ளை பெண் காதில் விழக் கூடாது என்றுதானே. வியாழன் காலை ஆறு ஐம்பதுக்குக் கெட்டிமேளம் அடித்துவிட்டால் என்ன? அர்த்தனாரி என் கையைப் பிடித்துக்கொள்ளாத குறை. செவந்திலிங்கம் செட்டைப் பிடித்தோம், இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம். வாத்தியாரைத் தவிர மற்ற பதினொரு பேருக்கும் வெளியே நின்றே விஷயத்தைச் சொன்னோம். விதி என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை லேசாகத் தூறல். மேளக்காரர்கள் வந்து புல்தரையில் நின்றார்கள். அவர்கள் அங்கேயே நின்று வாசித்திருந்தால் எல்லாம் நினைத்தபடி நடந்திருக்கும். ஆனால் யாரை உள்ளே விடுகிறோம், யாரை வெளியே நிறுத்துகிறோம் என்று வெள்ளி சனிதோறும் பேசித் தீர்த்தவர்கள் நாங்கள், தவிலைத் தூக்கிக்கொண்டு ஐந்து பேர் தூறலில் நிற்க எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? வாங்க வாங்க உள்ள வாங்க என்று பதின்மூன்று பேரும் கூப்பிட்டு, ஜமக்காளம் விரித்து, மண்டபத்தின் நட்டநடுவில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்தோம்.

வாத்தியார் வந்தார், மேளத்தைப் பார்த்தார், என்ன விசேஷம் என்று கையால் கேட்டார். நான் சும்மா என்று கையாட்டினேன். ஆறு நாற்பதுக்குச் செவந்திலிங்கம் நாதஸ்வரத்தை வாயில் வைத்து, கன்னம் இரண்டும் உப்ப ஊதினார். சத்தம் இல்லை. தவில்காரர்கள் தோள் குலுங்க அடித்தார்கள். சத்தம் இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாலு மாதமாக அந்த மண்டபத்தில் குப்பை கொட்டியவள் நான், குரல்களைக் கோத்தே பென்ஷன் வாங்குகிறவள். ஆனால் என் கண் முழுக்கக் கடிகாரத்தில் இருந்தது. ஆறு ஐம்பதுக்குக் கல்யாண வீட்டில் செய்வது மாதிரியே ஆள்காட்டி விரலைத் தூக்கி வேகமாக ஆட்டினேன். தவில்காரர்கள் உயிரைக் கொடுத்து அடித்தார்கள், வியர்வை தெறித்தது, அந்தப் பூரண நிசப்தத்தில் அர்த்தனாரியின் குரல் ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல் கணீரென்று வந்தது, எட்டுப் பேரில் தொடங்கி வாசப்படி வரைக்கும்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. நிறுத்தச் சொல்லி நான் கைகாட்ட மறந்துபோனதால் மேளம் மட்டும் ஓசையில்லாமல் நடந்துகொண்டே இருந்தது. வாத்தியார் எழுந்து அர்த்தனாரிக்கு நேராக நின்று, முகம் சிவக்க, ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் பேசினார். என்ன பேசினார் என்று திங்கட்கிழமைதான் தெரியும். பேசி முடித்து, திரும்பும்போது, உப்பியிருந்த நாதஸ்வரக் கன்னங்களை நின்று பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தூறலில் குடையை மறந்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வரவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. வீட்டுக்கு ஆள் போனால் பூட்டு தொங்கியது. சனிக்கிழமை ஆறரைக்கு அர்த்தனாரியின் மன்னிப்பு வந்தது, வாத்தியாரின் குடை சாய்த்து வைத்திருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நாங்கள்தான் அதைக் கேட்டோம். "வாத்தியாரே, உன்ற வலி எங்கிருக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அங்கயே அடிச்சேன். அதுதான்டா தப்பு. நீ இல்லாட்டி நான் ஆரு கூடடா சண்டை போடுவேன்." மன்றத்துக்குள் வாடா போடா கேட்டது அன்றைக்குத்தான். அறுபத்திரண்டு வயது அர்த்தனாரி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுத சத்தம் புதன்கிழமை கேட்கும், அன்று யாரும் வர வேண்டாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஞாயிறும் பூட்டுதான். அர்த்தனாரி பட்டறையைத் திறக்கவில்லை. அந்த நீள நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், மிஷினை ஓட்டும்முன் கையை வெளியே எடுக்கவும் என்ற வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறார் என்று அவர் மனைவி வந்து சொன்னாள்.

திங்கட்கிழமை ஆறரைக்கே பதின்மூன்று பேரும் கூடிவிட்டோம். வாத்தியார் அன்று என்ன சொன்னார் என்று தெரிந்தாக வேண்டும். இனி வரவே மாட்டேன் என்றாரா, உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாரா, அர்த்தனாரி அதைக் கேட்டுவிட்டுத்தான் சோறு தின்பேன் என்று இருந்தார். ஆறு நாற்பது ஆனது. மண்டபத்தின் நட்டநடுவிலிருந்து, யாருமில்லாத தரையிலிருந்து, நாதஸ்வரம் எழுந்தது.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வியாழக்கிழமை வாசித்த மேளம் திங்கட்கிழமை கேட்காமல் எங்கே போகும்? அர்த்தனாரி என்னைப் பார்த்த பார்வையை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். வாத்தியாரின் பதில் வரும் நேரம், நாங்கள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்த மேளம் அதை முழுங்கப் போகிறது. அர்த்தனாரி கூண்டின் மேல் காதை வைத்துக்கொண்டு நின்றார், எங்கிருந்தாவது ஒரு வார்த்தையாவது விழாதா என்று. செவந்திலிங்கம் அன்று சத்தமே கேட்காத தைரியத்திலோ என்னவோ, தன் வாழ்நாளில் வாசிக்காத மாதிரி வாசித்திருந்தார். நடந்துகொண்டிருந்தவர்களெல்லாம் நின்றார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்று பால்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்.

அப்போதுதான் பூங்கா வாசலில் வாத்தியார் தெரிந்தார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் பேத்தியின் கை, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்னால் தூக்கக் கலக்கத்தோடு இளம்பரிதி. அவன் பக்கத்தில், பஸ்ஸில் வந்த கசங்கிய சேலையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு ரோஸ்லின். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் வாத்தியார் சீக்கிரம் சீக்கிரம் என்று கையை வீசினார். அவர்கள் இரண்டு பேரையும் மண்டபத்துப் படியில் ஏற்றி, உள்ளே நிறுத்தி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் ஒதுங்கி நிற்கவும், மணி ஆறு ஐம்பது ஆகவும், கெட்டிமேளம் வெடித்தது.

முதலில் புரிந்தது தோட்டக்காரருக்கு. பூப்பறிக்கக் கூடாது என்ற பலகைக்கு அடியிலிருந்தே சாமந்தியைக் கைநிறையப் பறித்து வந்து ரோஸ்லின் தலைமேல் போட்டார். அதைப் பார்த்ததும் நாங்கள் பதின்மூன்று பேரும், ஒன்பது வருஷமாகப் பொதுச் சொத்தைப் பற்றிப் பேசிய வாய்களோடு, நகராட்சிச் செடிகளை மொட்டையடித்தோம். அந்தப் பெண் தலைகுனிந்து நின்று அழுதாள், சிரித்தாள். பையன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் கண் நிறைந்தது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. நிறுத்தச் சொல்ல நான் மறந்திருந்த புண்ணியத்தில் கெட்டிமேளம் நாலு நிமிஷம் அடித்தது, அவ்வளவு நீளமான கெட்டிமேளம் எங்கள் ஜில்லாவில் எந்தக் கல்யாணத்திலும் அடித்திருக்காது.

அர்த்தனாரி வாத்தியாரின் முழங்கையைப் பிடித்து வெளியே புல்தரைக்கு இழுத்து வந்தார். நானும் கூடவே போனேன், செயலாளர் போகாமல் எப்படி.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"ஓசூருக்கு. அன்னைக்கே பஸ் ஏறிட்டேன். போயி அவ கையில சோறு வாங்கித் தின்னுட்டு, அப்புறம்னு சொன்னேனே, அந்த அப்புறம் இப்பத்தான் வந்துச்சு, வாங்கம்மான்னு கூப்பிட்டேன். வந்துட்டாங்க."

"இந்த நேரத்துக்கு எப்படிடா சரியா வந்த?"

"நீங்க மூச்சப் புடிச்சு ஊத வெச்சதைப் பாத்துட்டுத்தானே போனேன். வியாழக்கெழம ஆறு அம்பதுக்கு அடிச்சா திங்கக்கெழம ஆறு அம்பதுக்குக் கேக்கும். இது ஒரு கணக்கா? எம்பட பையன் கல்யாணத்துக்கு மேளமே இல்லைடா. அதுக்குள்ளார கூட்டிட்டு வந்துரோணும்னு நாலு நாளா கடிகாரத்தைப் பாத்து என்ற கண்ணு பூத்துப்போச்சு. பஸ்ஸு வேற பெருந்துறையில அரைமணி நேரம் நின்னுபோச்சு."

அர்த்தனாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு என்னைய என்னடா சொன்ன? மேளத்துல ஒண்ணும் கேக்கலை."

வாத்தியார் என்னைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார்.

"கேக்கலையா? நல்லதாப் போச்சு. எக்ஸ்சேஞ்சம்மா கெட்டிமேளம் வெச்சது வீண்போகலை."

"திட்டுனயா?"

"திட்டாம? ஒரு பொம்பளை காதுல விழக் கூடாத திட்டு. அது போச்சு, விடு."

அர்த்தனாரி சிரிக்க முயன்று, முடியாமல், செருப்பைக் கழற்றினார், மாட்டினார்.

"நானும் ஒண்ணு சொன்னேன்டா. செவ்வாக்கெழம சொன்னது, சனிக்கெழம வந்துச்சு. எல்லாரும் கேட்டாங்க. நீதான் இல்லை. இப்பச் சொல்லட்டுமா?"

"இங்கயா? மன்றத்துல பேசினதை வெளிய பேசக் கூடாதுன்னு தூணுல எழுதினவன் ஆரு?" என்றார் வாத்தியார். தோளில் கை போட்டு அவரை மண்டபத்தின் பக்கம் திருப்பிவிட்டார். "உள்ள போயி இன்னொருக்கா சொல்லிட்டு வா. வெள்ளிக்கெழம வந்து கேட்டுக்கறேன்."

அர்த்தனாரி உள்ளே போனார். நாதஸ்வரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது தூணைப் பிடித்துக்கொண்டு அவர் வாயை அசைத்துப் பேசப் பேச, வாத்தியாரின் பேத்தி அவர் எதிரில் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, தானும் வாயை அசைத்து ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஆறரைக்கெல்லாம் நாங்கள் பதினான்கு பேரும் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தோம்.